கணினி விளையாட்டும் பெற்றோரின் பொறுப்பும்

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் குறித்து மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். இன்று பல இல்லங்களில் பருவ வயதுப் பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடியே இரவைக் கழிக்கின்றனர். ஸுபுஹுத் தொழுகை தவறுகிறது. சாப்பிட அழைத்தால் பதில் இல்லை. வாப்பா கண்டித்தால் கோபம். உம்மா கெஞ்சினால் எரிச்சல்.

விளையாட்டு முழுவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்ப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள் என்பதை புகாரியில் காண்கிறோம். எனவே எல்லை எது என்பதே கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இந்த அடிமைத்தனமும் இடம் பெற்றுள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று:

1. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை.
2. மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருதல்.
3. தீங்கைக் கண்ட பின்னும் தொடர்தல்.

இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, படிப்பையும் குடும்பத்தையும் கடுமையாகப் பாதித்தால்தான் அது நோய். விடுமுறையில் சில நாள் அதிகம் விளையாடிய பிள்ளையை நோயாளியாக எண்ணிவிடலாகாது.

தடை மட்டும் போதுமா? தென் கொரியாவில் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாதென 2011-ஆம் ஆண்டு சட்டம் வந்தது. பிள்ளைகளோ பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தனர். 2022-ஆம் ஆண்டு அச்சட்டம் நீக்கப்பட்டது. நேரத்தை வரையறுக்கும் பொறுப்பு வீட்டிற்கே திரும்பியது.

நம் ஒவ்வொருவரையும் பொறுப்புள்ள மேய்ப்பாளர் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மேய்ப்பவர் மந்தையோடு இருக்க வேண்டும். சிறுவர் யூசுப் (அலை) தாம் கண்ட கனவைத் தம் தந்தையிடமே வந்து சொன்னார்கள். நம் மகன் தன் மனத்திலுள்ளதை யாரிடம் சொல்கிறான்? வீட்டில் கேட்க ஆளில்லாதபோதுதான் முகம் தெரியாத விளையாட்டுத் தோழன் அவனுக்கு நெருங்கியவனாகிறான்.

ஆகவே பெற்றோர்களே! இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதை நபியவர்கள் விரும்பியதில்லை. அந்நேரத்தில் வாப்பாவின் கைப்பேசி உட்பட எல்லாக் கைப்பேசிகளையும் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். ஒரு வேளையேனும் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்ணுங்கள். பள்ளிக்குச் செல்லும்போது மகனை உடன் அழையுங்கள். வழியில் அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். மேற்கூறிய அடையாளங்கள் நீடித்தால் மனநல மருத்துவரை நாட வெட்கப்படாதீர்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

வல்ல ரஹ்மான் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.