குமாஸ்தாவின் சம்பளமும் வருஷ உயர்வும்

ஐக்கிய நாணய சங்கமொன்றின் பஞ்சாயத்தார் குமாஸ்தா ஒருவரை நியமிக்கக் கூடியிருப்பதாகக் கொள்க. அவர்கள்முன் இரண்டு திட்டங்கள் உள. ஒன்று, மாதம் ரூ. 30, வருஷந்தோறும் ரூ. 1 உயர்வு. மற்றது, மாதம் ரூ. 25, வருஷந்தோறும் ரூ. 2 உயர்வு. தொடக்கச் சம்பளத்தை மாத்திரம் நோக்குவோர் இரண்டாவதற்கே கைதூக்குவர்.

6-ஆம் வருஷத்தில் இரண்டு சம்பளமும் ரூ. 35 ஆகும். அத்துடன் செலவும் சமமாயிற்றென்று எண்ணலாகாது. உயர்வு ஒரே அளவினதாகையால் இது கூட்டுத் தொடர். முதல் வருஷத்து மாதச் சம்பளத்தையும் கடைசி வருஷத்ததையும் கூட்டிப் பாதியாக்கி, வருஷத் தொகையாலும் 12-ஆலும் பெருக்க மொத்தம் கிடைக்கும். 6 வருஷத்திற்கு முதல் திட்டத்தில் 32½ × 6 × 12, அதாவது ரூ. 2,340; இரண்டாவதில் 30 × 6 × 12, அதாவது ரூ. 2,160. சங்கத்திற்கு மிச்சம் ரூ. 180. இம்மிச்சம் பின்னர் ஆண்டுதோறும் கரைந்து, 11-ஆம் வருஷ முடிவில் இரண்டும் ரூ. 4,620 ஆகும். 20 வருஷத்திலோ முதலாவது ரூ. 9,480, இரண்டாவது ரூ. 10,560. அதிகப்படியான ரூ. 1,080 அங்கத்தினர் செலுத்தும் வட்டியிலிருந்தே வரவேண்டும். தீர்மானம் செய்த பஞ்சாயத்தார் அப்போது பதவியில் இருப்பது அரிது.

இதனால் இரண்டாவது திட்டம் கெட்டதென்பதில்லை. உயர்வை எதிர்பார்த்து நிலைத்திருக்கும் குமாஸ்தாவிடம் கணக்குப் புஸ்தகங்கள் ஒழுங்காயிருக்கும். ரூ. 45-க்கு மேல் உயர்வில்லையென்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தால், 11-ஆம் வருஷத்தோடு உயர்வு நிற்கும். 20 வருஷ மொத்தமும் முதல் திட்டத்தைப் போலவே ரூ. 9,480 ஆகும்.