எந்த எண்ணால் வகுத்தார்கள்?

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘வளங்கள் மற்றும் தொழிலகங்கள்’ பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இயற்கை வளங்கள் ஏன் குறைகின்றன என்ற கேள்விக்கு, ‘மக்கள்தொகைப் பெருக்கம்’ என்பதைத்தான் கரும்பலகையில் முதல் விடையாக எழுதுவேன். மாணவர்களும் அதையே தேர்வில் எழுதுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பினேன். வகுப்பில் பாதிப் பேர் இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தம்பி தங்கைகள் நான்கு பேர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தவர்களை அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். நான் எழுதிய விடை எந்த அளவுக்குச் சரி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் அதைச் சரிபார்த்தேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் பன்னாட்டு வளக் குழு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மணல், ஜல்லி, உலோகத் தாது, நிலக்கரி, எண்ணெய், பயிர், மரம் என உலகம் ஓராண்டில் எடுக்கும் பொருள்கள் 1970-இல் சுமார் 3,000 கோடி டன். இப்போது 10,000 கோடி டன்னுக்கும் மேல். அதாவது மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. இதே காலத்தில் உலக மக்கள்தொகை சுமார் 370 கோடியிலிருந்து 800 கோடிக்கு மேல் உயர்ந்தது. இது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டிய உயர்வு. மக்கள்தொகை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 டன் என்றிருந்தது 13 டன்னாக உயர்ந்திருக்கிறது. அந்த 13 டன்னும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. பணக்கார நாடுகளில் ஒருவர் பயன்படுத்துவது ஏழை நாடுகளில் ஒருவர் பயன்படுத்துவதைப் போல ஆறு மடங்கு என்கிறது அதே அறிக்கை.

இதை வாயால் சொன்னால் இன்னொரு மனப்பாட வரியாகிவிடும். மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மூன்று பாடவேளைகளை ஒதுக்கினேன். ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ என்ற இணையதளத்தைப் பயன்படுத்தினோம். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. ஒரே தரவை அட்டவணை, உலக வரைபடம், கோட்டு வரைபடம் என மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வேண்டிய நாடுகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். கீழே உள்ள ஆண்டுக் கோட்டை இழுத்தால் காலம் நகர்கிறது.

முதல் பாடவேளை: மொத்தமும் தலா அளவும்

தலைப்பு, மின்சாரம். மாணவர்களுக்கு ‘யூனிட்’ என்ற சொல் வீட்டிலேயே பழக்கம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். மொத்த மின் உற்பத்தி வரைபடத்தைத் திறந்ததும், சீனா, அமெரிக்காவை அடுத்து இந்தியா மூன்றாம் இடத்தில் நின்றது. “நாம அதிகமா செலவு பண்றோம் டீச்சர்” என்றான் ஒருவன். பலரும் ஆமாம் என்றார்கள்.

நான் மறுப்புச் சொல்லவில்லை. கரும்பலகையில் கணக்கைப் போடச் சொன்னேன். இந்தியாவின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூனிட், மக்கள்தொகை சுமார் 143 கோடி. அமெரிக்காவின் உற்பத்தி சுமார் 4.3 லட்சம் கோடி யூனிட், மக்கள்தொகை சுமார் 34 கோடி. வகுத்தால் இந்தியருக்கு ஏறக்குறைய 1,400 யூனிட், அமெரிக்கருக்கு ஏறக்குறைய 12,600. பிறகு தலா அளவைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தோம். மூன்றாம் இடத்தில் இருந்த இந்தியா உலகச் சராசரியான சுமார் 3,600-க்கும் வெகு கீழே இறங்கிவிட்டது. தாங்கள் கையால் போட்ட விடை திரையிலும் வந்ததைப் பார்த்தபோது வகுப்பில் எழுந்த சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

அன்றைய வீட்டுப்பாடம், வீட்டு மின் கட்டண விவரத்தைப் பார்த்து ஒருவருக்கான அளவைக் கணக்கிடுவது.

இரண்டாம் பாடவேளை: யாருக்காக?

மறுநாள் ஒரு மாணவி சந்தேகத்தோடு வந்தாள். அவள் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு 180 யூனிட், ஐந்து பேர். ஆண்டுக்கு ஒருவருக்கு 216 யூனிட்தான் வருகிறது. “1,400-ல மீதி எங்க டீச்சர்?”

இதைவிட நல்ல கேள்வியை நான் தயாரித்திருக்க முடியாது. தொழிற்சாலை, பாசன மோட்டார், ரயில், கடை, அலுவலகம், மின்கம்பியில் ஏற்படும் இழப்பு என்று மாணவர்களே பட்டியலிட்டார்கள். ஒரு நாட்டின் சராசரி, அந்நாட்டில் எல்லோரும் வாழும் வாழ்க்கை அல்ல என்பதும் அங்கேயே புரிந்தது.

அடுத்து, தலா மின்சாரத்தில் முதலிடத்தில் இருப்பது எந்த நாடு என்று தேடச் சொன்னேன். ஐஸ்லாந்து. நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை, ஒருவருக்கு ஏறக்குறைய 50,000 யூனிட். “குளிருக்கு ஹீட்டர் போடுவாங்க” என்று ஒரு குழு எழுதியது. உண்மையில் அங்கே வீடுகளைப் பெரும்பாலும் பூமிக்கடியில் இருந்து வரும் வெந்நீரே சூடாக்குகிறது. மின்சாரத்தில் பாதிக்கும் மேல் அலுமினிய உருக்காலைகளுக்குப் போகிறது. அந்த அலுமினியம் ஏற்றுமதியாகிறது. அப்படியானால் அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தியது ஐஸ்லாந்துக்காரரா, அலுமினியத்தை வாங்கியவரா? இதற்கு வகுப்பில் ஒரே விடை வரவில்லை. வர வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. கார்பன் உமிழ்வுக்கு, ‘உற்பத்தி அடிப்படை’, ‘நுகர்வு அடிப்படை’ என இரண்டு கணக்குகளையும் அதே தளம் தருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினேன்.

மூன்றாம் பாடவேளை: வகுக்கக் கூடாத இடம்

இதற்குள் மாணவர்கள் எதைக் கொடுத்தாலும் மக்கள்தொகையால் வகுக்கத் தொடங்கியிருந்தார்கள். பழைய மனப்பாடத்தின் இடத்தில் புதிய மனப்பாடம் வந்து உட்காரக் கூடாது அல்லவா? அதனால் நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டேன்.

உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு பாசனத்துக்கு. “144 கோடி பேருக்குப் பிரிச்சா குறைவுதான் டீச்சர்” என்று உடனே சொன்னார்கள். “நம் ஊர்க் கிணறு வற்றினால், தலா அளவு குறைவு என்று சொன்னதும் தண்ணீர் ஊறுமா?” என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி.

கார்பன் உமிழ்வு எங்கே வெளியானாலும் ஒரே வளிமண்டலத்தில் கலக்கிறது. அங்கே யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயம். நிலத்தடி நீர் அப்படியல்ல. ஓர் இடத்தில் ஊறும் நீரோடு அங்கே இறைக்கும் நீரை ஒப்பிட வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடு அப்படித்தான் செய்கிறது. சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வுப் பகுதி. தங்கள் பகுதி எந்த வகையில் வருகிறது என்று மாணவர்கள் தேடிப் பார்த்தார்கள். உலக வரைபடத்தில் தொடங்கிய பாடம் வீட்டுக் கிணற்றில் வந்து முடிந்தது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் முதல் நாளே பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. தேவையான வரைபடங்களை முன்பே படமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் கிடைக்காவிட்டால் குழுவுக்கு ஒரு அச்சுப் பிரதி போதும்.

தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘பெர் கேப்பிட்டா’ என்றால் தலா, ‘ஷேர்’ என்றால் பங்கு என்பது போல முப்பது சொற்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிறகு மாணவர்கள் என்னைக் கேட்பது குறைந்தது.

எந்த வரைபடத்தைக் கண்டாலும் நான்கு கேள்விகளை நோட்டில் எழுதிய பிறகே கருத்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. எதை அளந்தார்கள்? எந்த ஆண்டு? எந்த எண்ணால் வகுத்தார்கள்? தரவு யாருடையது? கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் வரைபடத்தின் அடியிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். வகுத்தல் கணக்கை முதலில் கையால் போடட்டும். அதற்குப் பிறகு திரையைக் காட்டினால்தான் அது அவர்களுடைய விடையாக இருக்கும்.

இரண்டாவது பெஞ்சு மாணவி பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள். அவளிடம் இதையெல்லாம் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய தங்கை இப்போது எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு இந்தப் பாடத்தை நான்தான் நடத்துவேன்.