குடித்து ஓட்டியவருக்குக் காப்பீடு உண்டா?

வணிகவியல் வகுப்பில் காப்பீட்டுத் தத்துவங்களைப் படிக்கிறோம். நல்லெண்ணம், ஈட்டுறுதி என்று வரிசையாக எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அச்சொற்களின் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. என் தாய்மாமன் வீட்டுத் திண்ணையில்தான்.

மாமா சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். 2023ஆம் ஆண்டு ஒரு திருமண வரவேற்பில் நண்பர்களோடு மது அருந்திவிட்டு, இரவில் காரை ஓட்டி வந்தார். சைக்கிளில் சென்ற ஒரு கொத்தனார் மீது மோதி, கார் பாலத்துச் சுவரில் இடித்து நின்றது. கொத்தனாருக்குக் கால் முறிந்தது; மாமாவுக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டுமே. இரத்தப் பரிசோதனையில் மது இருப்பது தெரிந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். காரைப் பழுதுபார்க்கப் பணம் கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துக் கடிதம் வந்தது.

அக்கடிதத்தையும் பாலிசியையும் என் கையில் கொடுத்து, "பத்து வருஷமா ஒரு தவணை தவறாம கட்டியிருக்கேன் மாப்பிள்ளை. இப்ப ஏன் தரமாட்டேங்கிறாங்க? நீதான் காமர்ஸ் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

ஒரு தாளில் இரண்டு காப்பு

மோட்டார் பாலிசி என்பது பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. முதலாவது மூன்றாம் நபர் காப்பு. நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு உரியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. இரண்டாவது நம் சொந்த வாகனத்தின் சேதத்துக்கான காப்பு. இது நம் விருப்பம்; நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வெறும் ஒப்பந்தம்.

இந்த இரண்டாவது ஒப்பந்தத்தில், ஓட்டுநர் மதுவின் பிடியில் இருந்தால் நிறுவனம் பொறுப்பாகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது அவருக்குரிய தனிநபர் விபத்துக் காப்பிலும் இதே விலக்கு உண்டு. சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த வரியை மாமா பத்தாண்டுகளில் ஒருமுறையும் படித்ததில்லை.

பிரீமியம் என்பது வங்கியில் போட்ட சேமிப்பு அன்று. பலர் கூடிப் போட்ட பொதுப்பணத்தில் நம் பங்கு. அந்தந்த ஆண்டின் எதிர்பாராத இடருக்கு அது விலை. தானே வரவழைத்துக்கொண்ட இடருக்கு மற்றவர்கள் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்? பத்தாண்டு கட்டியதால் ஒருநாள் குடித்து ஓட்டும் உரிமை வந்துவிடாது.

சட்டம் சொல்வது

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் 185ஆம் பிரிவின்படி குற்றம். இங்கிலாந்தில் இந்த அளவு 80 மில்லி கிராம். நம் சட்டம் அதைவிடக் கடுமையானது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அபராதம் கட்டியதோடு முடிந்தது என்று எண்ணுவது தவறு. இக்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைக் குறைந்தது 6 மாதம் வாகனம் ஓட்டத் தகுதியற்றவராக நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. அக்காலத்தில் அவர் நிதானமாகவே ஓட்டி விபத்து நேர்ந்தாலும், தகுதியிழந்தவர் ஓட்டினார் என்று காட்டி நிறுவனம் மறுக்கலாம்.

பரிசோதனை நடக்காவிட்டால் தப்பிவிடலாம் என்பாரும் உண்டு. 2007 டிசம்பரில் டில்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவரின் இரத்தம் சோதிக்கப்படவில்லை. மது வாசனை இருந்ததாக மருத்துவக் குறிப்பு மட்டும் இருந்தது. 2021இல் உச்சநீதிமன்றம், மற்றச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து, நிறுவனம் மறுத்தது சரியே என்றது.

தண்டனைக்குப் பின்

பிற நாடுகளில் தண்டனையின் நிழல் நீளமானது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் கடந்த 5 ஆண்டுகளில் பெற்ற தண்டனைகளைக் கேட்கும். மறைத்தால் பாலிசியே செல்லாமற்போகலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், தண்டனை பெற்றவருக்குக் காப்பீடு இருப்பதாக நிறுவனமே அரசுக்கு எஸ்.ஆர்.22 என்னும் சான்றை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கு. பிரீமியமும் பெரிதும் உயரும். நம் நாட்டிலும் 2021இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு ஒன்று, விதிமீறலுக்குப் புள்ளியிட்டுப் பிரீமியத்தை உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. குடித்து ஓட்டினால் 100.

கொத்தனாரின் பங்கு

அடிபட்டவர் என்ன பாவம் செய்தார்? மூன்றாம் நபர் காப்பு அவருக்காகவே இருப்பது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், குடித்து ஓட்டியதையும் நிறுவனத்தின் எதிர்வாதங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆயினும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. மாமா வழக்கிலும் தீர்ப்பாயம் அப்படியே ஆணையிட்டது. கொத்தனாருக்கு மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. அதே தொகையைக் கேட்டு மாமாவுக்கு நோட்டீஸ் வந்தது. அத்தையின் சங்கிலி அடகுக்குப் போயிற்று; கார் விலைக்குப் போயிற்று. இன்று மாமா வேறொருவர் வண்டிக்குச் சம்பள ஓட்டுநர்.

நான் படித்ததையெல்லாம் விளக்கிச் சொன்னேன். மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கம்பெனி மேல தப்பில்ல மாப்பிள்ளை. அந்த மனுஷனுக்காவது கிடைச்சுதே" என்றார். அவர் இப்போதும் மாதம் ஒருமுறை அந்தக் கொத்தனார் வீட்டுக்குப் போய்வருகிறார்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவர் காலத்தில் குடித்தவன் கையில் கார் இல்லை. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியின் பாலிசியை இன்று மாலையே எடுத்து, அதிலுள்ள விலக்குகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வண்டி ஓட்டுபவர் உடனிருந்து கேட்கட்டும்.