அப்பத்தாவின் மாத்திரையும் ஸ்நோடிராப் பூவும்



போன பொங்கலுக்கு எங்க அப்பத்தா என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?" என்று கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் 'அல்சைமர்' என்றார். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் முதன்முதலில் எடுத்துச் சொன்ன மறதி நோய் இது.

பக்கத்து வீட்டு அத்தை, "மாத்திரையை நிறுத்திட்டு மஞ்சள் பாலும் வல்லாரையும் குடுங்க, சரியாயிடும்" என்றார்கள். அப்பாவும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பரீட்சை வந்தால் நம்மையும் வல்லாரை தின்னச் சொல்வார்களே! உண்மையா என்று எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "செடியிலிருந்தும் மருந்து வரும். ஆனா சோதிச்சுப் பார்க்காம நம்பாதே" என்றார். தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜெயித்தவை:

1. கேலண்டமின்: ஸ்நோடிராப் என்ற வெள்ளைப் பூச்செடியின் கிழங்கில் இருப்பது. 1950-களில் பல்கேரியாவில் நரம்பு, தசை நோய்களுக்கு மருந்தாக்கினார்கள். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கொலின் சிதையாமல் இது காக்கிறது. 2001-ல் அமெரிக்கா அல்சைமருக்கு அனுமதி தந்தது.

2. மெமாண்டின்: 1960-களில் சர்க்கரை நோய்க்காக உருவாக்கியது. சர்க்கரை குறையவில்லை! ஆனால் 2003-ல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக அனுமதி பெற்றது. அப்பத்தா சாப்பிடுவது இதைத்தான்.

இரண்டுமே நோயைக் குணமாக்காது. அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

தோற்றவை:

1. ஜிங்கோ இலைச் சாறு: அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் பாதிப் பேருக்கு ஜிங்கோ, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. சுமார் 6 வருடம் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: ஜிங்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை.

2. மஞ்சளின் குர்குமின்: எலிகளிடம் நல்ல பலன். ஆனால் மனித ரத்தத்தில் சரியாகச் சேர்வதில்லை. 2012-ல் வெளியான சிறிய சோதனையில் பலன் தெரியவில்லை.

3. செமாகுளூட்டைடு: இதுவும் சர்க்கரை மருந்து. 3,800-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். அல்சைமர் மோசமாகும் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

வெற்று மாத்திரை எதற்கு என்கிறீர்களா? 'மருந்து சாப்பிடுகிறோம்' என்ற நம்பிக்கையிலேயே சிலருக்குத் தேவலை போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மருந்தின் வேலை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். மாத்திரை தொடர்கிறது. வல்லாரைத் துவையலும் உண்டு, மருந்தாக அல்ல, அப்பத்தாவுக்குப் பிடிக்கும் என்பதால்!

இப்போதும், "நீ யாருப்பா?" என்று கேட்கிறாங்க. "உங்க பேரன் அப்பத்தா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் கோபப்படாதீர்கள் நண்பர்களே. யார் என்ன சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.



பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்