சிலிண்டர் மாற்றும் ஐந்து நிமிடம்

கேஸ் விபத்து என்றதும் சிலிண்டர் வெடிப்பதுதான் எல்லோர் மனதிலும் வருகிறது. எஃகில் செய்த அந்த உருளை தானாக வெடிப்பது அபூர்வம். கசிந்து அறைக்குள் தேங்கிய வாயுவில்தான் பெரும்பாலும் தீப் பற்றுகிறது. கசிவோ வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பின் குமிழ் இவற்றில் ஏதோ ஒன்றில் தொடங்கும். இத்தனையையும் பார்த்துவிட ஏற்ற நேரம், புது சிலிண்டர் வந்து இறங்கும் நேரம்தான்.

டெலிவரிக்கு வந்தவரிடம் உடனே ஓடிபி எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ‘பி-28’ என்பதுபோல எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். சி, டி அடுத்தடுத்த மூன்று மாதங்கள். பக்கத்தில் உள்ளது வருடம். சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும்.

அடுத்தது வால்வு. மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வால்வே கசிகிறது. வராவிட்டாலும் வேலை முடியவில்லை. உள்ளே இருக்கும் வாஷர் கிழிந்திருந்தால் ரெகுலேட்டரை மாட்டித் திறந்த பிறகுதான் அது தெரியும். அதனால் அவரை நிறுத்தி வைத்தே மாட்டிப் பாருங்கள். மாட்டும் முன் சாமி விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அடுப்பின் குமிழ்களை எல்லாம் மூடிவிட வேண்டும். மாட்டித் திறந்ததும் ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் டியூபின் இரு முனைகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசிவு இருந்தால் நுரை பொங்கும். தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றோடு போகட்டும்.

டியூபுக்கு ஆயுள் ஐந்து வருடம். கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு நிற டியூபையே வாங்குங்கள். தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படுகிறதென்று துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றாதீர்கள். வெடிப்பும் எலிக் கடியும் கண்ணில் படாமல் போய்விடும்.

கேஸ் தீரும்போது சிலிண்டரைப் படுக்கப் போடுவதும், சுடுதண்ணீரில் நிறுத்துவதும் பல வீடுகளில் நடக்கிறது. நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். உள்ளே அடியில் கிடப்பது திரவம், மேலே நிற்பதுதான் ஆவி. நிமிர்த்தி வைத்தால் ஆவி மட்டும் அடுப்புக்குப் போகும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு ஆவியாக விரியும். சின்னதாக எரிந்த அடுப்பில் தீ எப்படிக் கிளம்பும் என்று நினைத்துப் பாருங்கள். சுடுதண்ணீரோ உள்ளே அழுத்தத்தை ஏற்றும். ஒரு வேளைச் சமையலுக்காக இதைச் செய்ய வேண்டாம்.

கேஸ் வாடை வந்தால் முதலில் நெருப்பு எதுவும் எரியாமல் பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். ஆகவே ஜன்னலோடு நிற்காமல் வாசல் கதவையும் விரியத் திறந்து வையுங்கள். ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதேதான். ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போதும் பொறி எழலாம். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வில் மூடியைப் போட்டு அழுத்துங்கள். வாடை கடுமையாக இருந்தால் அதற்கும் நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுங்கள். வெளியே போன பிறகு 1906 எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அந்த வெள்ளை மூடி நைலான் கயிற்றில் சிலிண்டரோடு கட்டித்தான் வருகிறது. இடைஞ்சலாக இருக்கிறதென்று கயிற்றை அறுத்து மூடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வால்வே கசியும்போது கையில் இருக்கும் ஒரே அடைப்பு அதுதான். சிலிண்டர் காலியாகித் திரும்பிப் போகும்வரை அது அங்கேயே தொங்கட்டும்.