சர்க்கரை அளக்கும் சீட்டு

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என்னருகே அமர்ந்திருந்த நண்பர், "சோதனைச்சாலையில் இரவும் பகலும் அப்படி என்னதான் செய்கிறீர்?" என்று கேட்டார். இலையில் சர்க்கரைப் பொங்கல் இருக்கையில் இரத்தச் சர்க்கரையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. அவருக்கான விடையை இங்கே எழுதுகிறேன்.

இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளக்கும் சிறு சீட்டொன்று செய்வதே என் இறுதியாண்டு ஆராய்ச்சி. கருத்து புதிதன்று. 1962-ல் அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் என்னும் இருவர் இதற்கு வழி காட்டினர். கரும்பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, ஆக்ஸிஜனின் துணையோடு குளுக்கோஸை மாற்றுகிறது. அப்பொழுது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. மின்வாயில் அதைச் சிதைத்தால் மின்னோட்டம் பிறக்கும். சர்க்கரை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். பிளாட்டினத் துகள் கலந்த கரி மையைப் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, அதன்மேல் நொதியை உலர்த்தினேன். மின்வாயின் அகலம் 3 மில்லிமீட்டர்தான்.

தூய கரைசலில் சோதித்தபோது வரைகோடு அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் வந்தது. பெருமிதத்தோடு வீட்டுக்குத் தெரிவித்தேன். நீரிழிவுக்காரரான என் தந்தை, "இனி உன் சீட்டுதானா, தம்பி?" என்றார்.

என் ஆசிரியரோ, "சிறிது வைட்டமின் சி இட்டுப் பாரும்" என்றார். இரத்தத்தில் அது சர்க்கரையின் நூற்றிலொரு பங்கே இருக்கும். அவ்வளவே இட்டேன், மின்னோட்டம் துள்ளி எழுந்தது! பெராக்ஸைடைச் சிதைக்க நான் கொடுத்த 0.6 வோல்ட்டில் வைட்டமின் சியும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. யூரிக் அமிலமும், காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமாலும் அப்படியே. சர்க்கரை குறைந்து மயங்கும் நிலையில் இருப்பவரிடம் இச்சீட்டு "அளவு சரி" என்று சொன்னால் என்ன ஆகும்?

ஒரு வாரத்தில் மதிப்பீடு. நல்ல கோட்டை மட்டும் காட்டலாமா என்ற ஆசை எழுந்ததை மறைப்பானேன்? இரண்டையும் காட்டினேன். மதிப்பெண் குறைந்தது; போகட்டும்.

பின்னர்க் கைகொடுத்தது ஓவியர் தீட்டும் பிரஷ்ய நீலம். இரும்பும் சயனைடும் சேர்ந்த சாயம் அது. (சயனைடு என்றதும் அஞ்ச வேண்டா, இரும்போடு இறுகப் பிணைந்தது. தாலிய நஞ்சுக்கு மருந்தாக இதையே உட்கொள்ளக் கொடுக்கின்றனர்.) இதை மின்வாயில் பூசினால், ஏறக்குறைய சுழி வோல்ட்டிலேயே பெராக்ஸைடு சிதைந்துவிடும். அந்தத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் வைட்டமின் சி குறுக்கிடுவதில்லை.

ஆயினும் தொல்லை தீர்ந்தபாடில்லை. இந்நீலம் அமிலத்தில் நிலைக்கும், காரத்தில் கரையும். இரத்தமோ 7.4 என்ற மென்காரம். போதாக்குறைக்கு, பெராக்ஸைடு சிதையும்போதும் காரமே பிறக்கிறது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் சீட்டுக்கு இது பெருங்குறை அன்று. நாள் முழுதும் உடலில் ஒட்டியிருக்க வேண்டிய உணரிக்குக் குறைதான். நீலத்தின்மேல் எந்த மென்படலத்தைப் பூசினால் அது நெடுநேரம் தங்கும் என்று இப்பொழுது பார்த்து வருகிறேன். பழைய கருவியே இருக்கட்டும் என்று தந்தைக்குச் சொல்லியிருக்கிறேன்.