குளியலறைத் தேரைக்குத் தோல் நோயா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசி வீட்டுக் குளியலறைச் சுவர்களில் மரத்தேரை வந்து ஒட்டிக்கொள்ளும். 'தேரை மோந்த தேங்காய்' என்று வீண்பழி சுமக்கும் பிராணி, விரட்ட வேண்டாம்.

நேற்று வெளிறியிருந்தது இன்று பழுப்பானால் பயப்படாதீர்கள், நிறம் மாறுவது அதன் இயல்பு. தொடையின் உட்புறத்தில் மஞ்சள் புள்ளிகளும் அப்படியே. வாயைத் திறந்து திறந்து மூடி, கண்ணாடித்தாள் போன்ற சவ்வை விழுங்கினால், தோல் உரிக்கிறது என்று பொருள்.

தொடையும் வயிறும் இரத்தச் சிவப்பாவது, புண், திட்டுத்திட்டாக ஓயாமல் தோல் உரிவது, தொட்டாலும் தாவாமல் கிடப்பது: இவைதான் கவலைக்குரியவை. பாக்டீரியாவோ பூஞ்சையோ காரணமாகலாம்.

தேரை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகிறது, மூச்சும் விடுகிறது. அதனால் மஞ்சள், எண்ணெய், உப்பு, நாம் பூசும் களிம்பு எதையும் தடவாதீர்கள். நம் கைவைத்தியம் அதற்கு விஷம். காற்றோட்டமுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்துத் தனியாக வையுங்கள். டிஷ்யூவைத் தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். நனைத்த கையுறையோடு தூக்குங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பூஞ்சைக்கு இட்ராகொனசோல் கரைசலில் குளிப்பாட்டுவது உண்டு. அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தேரை வரும் குளியலறையில் பினாயில் ஊற்றினால் நன்றாக அலசிவிடுங்கள். நோயுற்றதை அருவி ஓடையில் கொண்டுபோய் விடாதீர்கள். பூஞ்சை தண்ணீரில் பரவும்.